மேலைத்தேய வாத்திய இசைச் செயலிகள்: நம் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு கேட்டல் வழிகாட்டி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்பு மாவட்டப் பாடசாலைகளில் 31 ஆண்டுகள் கர்நாடக சங்கீதம் கற்பித்து, ஓய்வு பெற்ற பின்னரும் ஆரையம்பதியில் என் வீட்டு விறாந்தையில் சில பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்து வருபவள் நான். மேலைத்தேய வாத்திய இசையைத் தேடிக் கேட்பதற்கென்றே அமைக்கப்பட்ட கைத்தொலைபேசிச் செயலிகளைப் பற்றியும், அவற்றால் நமது பகுதித் தமிழ் மாணவர்கள் முழுப் பயனைப் பெறுவதற்கு இன்னும் எது குறைகிறது என்பதைப் பற்றியும் தங்கள் பத்திரிகையின் வாயிலாகச் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

என் மகளின் மகள் நகரப் பாடசாலையொன்றில் க.பொ.த. சாதாரண தரத்துக்கு மேலைத்தேய சங்கீதத்தைத் தெரிவுப் பாடமாக எடுத்திருக்கிறாள். ஒரு நாள் மாலை அவள் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, ஒபோ, கிளாரினெட், பசூன், பிரெஞ்சு ஹோர்ன் என்று வாத்தியங்களின் பெயர்களை மனனம் செய்துகொண்டிருந்தாள். ஒபோவின் ஒலிக்கும் கிளாரினெட்டின் ஒலிக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். இரண்டின் படங்களையும் காட்டினாள். ஒலியைப் பற்றி எதுவும் சொல்ல அவளால் முடியவில்லை. பிள்ளையிடம் பிழை காண இதில் ஒன்றுமில்லை. கொழும்பில் 1958 முதல் ஒரு சிம்பொனி இசைக்குழு இயங்கி வருகிறது என்றாலும், 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து, இரவு தங்கி, பிள்ளைக்கு ஒரு கச்சேரியைக் காட்டித் திரும்புவதற்கு நமது பெற்றோரில் எத்தனை பேருக்கு வசதி இருக்கிறது? ஒலியைக் கேளாமலே ஒலியைப் பற்றிய வினாவுக்கு விடை எழுதும் நிலைக்குத்தான் நம் பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் அவள் தன் தாயின் கைத்தொலைபேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டு வந்தாள். விளம்பரமாகிவிடக் கூடாது என்பதால் அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இசையமைப்பாளர், காலம், வாத்தியம், இசைக்குழு என்று எந்த வழியாகவும் உள்ளே போகலாம். வயலினைத் தொடச் சொன்னேன். யோகான் செபஸ்தியான் பாஹ் தனி வயலினுக்கு எழுதிய தொகுதியிலிருந்து ஒரு நீண்ட பகுதி ஒலிக்கத் தொடங்கியது. சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டு அவள், “அம்மம்மா, இது ரெண்டு பேர் வாசிக்கிறதா?” என்றாள். “ஒரு ஆள்தான் புள்ள” என்று சொன்னேன். ஆனால், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வயலினைக் கையில் வைத்திருக்கும் எனக்கே அந்தக் கேள்வி நியாயமானதாகத்தான் பட்டது.

சக்கோன் எனப்படும் அந்தப் பகுதி, டி மைனர் பார்ட்டிட்டா என்ற பல அங்கத் தொகுப்பின் இறுதி அங்கம். பாஹ் தம் கைப்பட எழுதிய பிரதியில் 1720 என்ற ஆண்டு உள்ளது. முழுவதையும் வாசிக்க ஏறக்குறைய 15 நிமிடங்கள் ஆகும். மூன்று எண்ணிக்கை கொண்ட அளவைகள் நான்கு நான்காகச் சேர்ந்த ஒரு வட்டம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு வட்டத்திலும் மேலே ஓடும் இசை மாறிக்கொண்டே போக, அடியில் பல இடங்களில் ஸ, நி, த, ப என்று இறங்கும் ஓர் இழை அதைத் தாங்கி நிற்கிறது. ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் புதிது புதிதாகப் பின்னிவரும் நிரவலைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த அமைப்பு அந்நியமானதன்று. பாதி வழி கடந்த பின்னர் டி மைனரிலிருந்து டி மேஜருக்கு இசை திரும்புகிறது. நமது முறையில் சொன்னால், நடபைரவி, கீரவாணி ஆகியவற்றின் சுரங்களில் நடந்துகொண்டிருந்த ஒன்று, ஆதார சுருதி மாறாமலே சங்கராபரணத்தின் சுரங்களுக்குள் நுழைகிறது. கமகம் கிடையாது, ராகத்தின் சஞ்சாரமும் கிடையாது. ஆனாலும் அந்தத் திருப்பத்தில் வீட்டுக்குள் விளக்கேற்றியது போன்ற ஒரு மாற்றத்தை நான் உணர்ந்தேன். இதை என் பேத்திக்குச் சொன்னபோது அவள் அதே இடத்தை மூன்று முறை திருப்பிப் போட்டுக் கேட்டாள். செயலியில் அந்தப் பகுதியைப் பற்றி நீண்ட விளக்கம் ஒன்று ஆங்கிலத்தில் இருந்தது. அதை அவள் வாசிக்க முயன்று பாதியில் விட்டிருந்தாள்.

என் கோரிக்கை இந்த இடத்தில்தான் பிறந்தது. அதைச் சொல்வதற்கு முன்னர், இத்தகைய செயலிகள் தனியாக ஏன் உருவாயின என்பதை வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது.

நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பாடற் செயலிகள் பாடல், பாடகர், இசைத்தட்டு என்ற மூன்று விவரங்களை வைத்தே எதையும் அடுக்குகின்றன. சினிமாப் பாட்டுக்கு அது போதும். ஒரு சிம்பொனிக்கோ எழுதியவர் ஒருவர், நெறிப்படுத்துபவர் ஒருவர், வாசிக்கும் இசைக்குழு ஒன்று, சில வேளைகளில் தனி வாத்தியக் கலைஞர் வேறொருவர் என்று பலர் சம்பந்தப்படுகிறார்கள். படைப்பும் மூன்று அல்லது நான்கு அங்கங்களாகப் பிரிந்திருக்கும். ஒரே பெயருடைய படைப்புகள் நூற்றுக்கணக்கில் உள்ளதால் பட்டியல் எண் இல்லாமல் தேடவே முடியாது. மொசார்ட்டின் படைப்புகளை லுட்விக் ஃபொன் கேஷெல் 1862இல் எண்ணிட்டு வெளியிட்ட பட்டியலும், பாஹின் படைப்புகளுக்கு வொல்ப்காங் ஷ்மீடர் 1950இல் வெளியிட்ட பட்டியலும் இன்றுவரை பயன்படுவது இதனால்தான். நான் கேட்ட பார்ட்டிட்டாவுக்கு ஷ்மீடர் பட்டியலில் 1004 என்பது எண். சாதாரணச் செயலியில் இந்த எண்ணைக் கொடுத்தால் தொடர்பில்லாத பல வந்து நிற்கும். அதைவிடப் பெரிய இடர் ஒன்றும் உண்டு. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியில் மூன்றாம் அங்கம் அடங்கி, மெல்லிய தாள ஒலி மட்டுமே மிஞ்சி, அதிலிருந்து இடைவெளியே இல்லாமல் நான்காம் அங்கம் முழு இசைக்குழுவோடும் எழும். 1808 டிசம்பரில் வியன்னாவில் முதன்முதல் அரங்கேறிய நாளிலிருந்து அதன் உயிர் அந்த இணைப்பில்தான் இருக்கிறது. அங்கங்களைக் கலைத்துப் போடும் செயலியில், அல்லது இரண்டுக்கும் நடுவே சவர்க்கார விளம்பரம் வரும் செயலியில், பிள்ளை அதைக் கேட்டால், சரணத்தை முதலில் பாடிவிட்டுப் பிறகு பல்லவியை எடுத்த கச்சேரியைக் கேட்டதற்கு ஒப்பாகும்.

இக்குறைகளைத் தீர்க்கும் நோக்கத்தோடு பெர்லினில் 2015இல் இடாஜியோ என்ற செயலி தொடங்கப்பட்டது. அம்ஸ்டர்டாமைத் தளமாகக் கொண்ட பிரைம்போனிக் சேவையை அப்பிள் நிறுவனம் 2021 ஓகஸ்டில் வாங்கியது. 2023 மார்ச் 28இல் அப்பிள் மியூசிக் கிளாசிக்கல் தனிச் செயலியாக வெளியாகி, அதே ஆண்டிலேயே அன்ட்ராய்ட் கைத்தொலைபேசிகளுக்கும் வந்தது. இவற்றில் சந்தா கட்ட வேண்டியவையும் உண்டு, ஒரு பகுதியை இலவசமாகத் தருபவையும் உண்டு. கேட்பதோடு வாசித்தும் பார்க்க விரும்பும் மாணவருக்கு, உரிமைக் காலம் முடிந்த இசைப்பிரதிகளை 2006 முதல் சேர்த்துவரும் பெட்ரூச்சி இசை நூலகம் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. நான் மாணவியாக இருந்த காலத்தில் ஒரு வர்ணத்தின் சுரப்படுத்தலைப் பெறுவதற்கு ஆசிரியையின் கொப்பியை ஒரு நாள் இரவல் வாங்கி, குப்பி விளக்கில் இருந்து பார்த்தெழுதினேன். இன்றைய பிள்ளையின் உள்ளங்கையில் பாஹின் கையெழுத்துப் பிரதியே வந்து நிற்பதைக் காணும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இச்செயலிகளின் மிகப் பெரிய நன்மை, ஒரே படைப்பைப் பலர் வாசிக்கக் கேட்கும் வசதிதான் என்பது என் துணிபு. நம்மில் பலர், நான் உட்பட, மேலைத்தேய இசை எழுத்தில் கட்டுண்டது, எழுதியபடி வாசிப்பதைத் தவிர அங்கே கலைஞருக்கு வேலை இல்லை என்று எண்ணியிருந்தோம். மாணவருக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தோம். பாஹின் கோல்ட்பேர்க் மாறுபாடுகளைக் கனடாவின் பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் 1955இல் ஒருமுறையும் 1981இல் மறுமுறையும் பதிவு செய்தார். முதற்பதிவு ஏறக்குறைய 38 நிமிடங்கள். இரண்டாவது ஏறக்குறைய 51 நிமிடங்கள். சில பகுதிகளை இரண்டாம் முறை திருப்பி வாசித்தது இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணமாகலாம். எனினும் தொடக்கத்தில் வரும் மெட்டையே எடுத்துக்கொண்டால், 1955இல் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது 1981இல் மூன்று நிமிடத்தைத் தாண்டுகிறது. எழுத்து ஒன்று, ஆள் ஒன்று, பியானோவும் பியானோதான். ஆனால் இருபத்திரண்டு வயதில் வாசித்ததும் சாவுக்கு முந்திய ஆண்டில் வாசித்ததும் இரு வேறு உலகங்கள். ஒரே கீர்த்தனையை இரண்டு வித்துவான்கள் பாடக் கேட்டு வளர்ந்த நமக்கு இதைவிட நல்ல நுழைவாயில் வேறில்லை. என் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு மெட்டுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். எது நல்லது என்று அவர்கள் ஒருவரோடொருவர் வாதிட்ட அந்த அரைமணி நேரத்தைப் போன்ற ஒரு வகுப்பு என் ஆசிரியப் பணியில் மிகக் குறைவாகவே அமைந்தது.

இனிக் குறைக்கு வருகிறேன். நான் பார்த்த செயலிகள் எதிலும் தமிழ் இல்லை. இசையைக் கேட்க மொழி வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். முதற்கேட்டலுக்கு வேண்டியதில்லை என்பது மெய். ஆனால், 15 நிமிட இசையில் எங்கே காதை ஊன்ற வேண்டும், எது திரும்பி வருகிறது, எந்த வாத்தியம் எப்போது நுழைகிறது என்று ஒருவர் சொல்லித் தந்தால் மட்டுமே இரண்டாம் கேட்டல் நிகழும். செயலிகள் அதைச் செய்கின்றன, ஆங்கிலத்தில். நகரத்தில் ஆங்கிலம் ஓரளவு படித்த பிள்ளை தட்டுத்தடுமாறியாவது வாசித்துக்கொள்ளும். கொக்கட்டிச்சோலையிலோ வெல்லாவெளியிலோ திருக்கோவிலிலோ இருக்கும் பிள்ளையின் கையிலும் அதே கைத்தொலைபேசி, அதே செயலிதான் இருக்கிறது; விளக்கம் மட்டும் பூட்டிக் கிடக்கிறது.

அந்த ஆங்கில விளக்கங்களை அப்படியே தமிழில் பெயர்த்துத் தந்தால் போதும் என்று நான் கருதவில்லை. ஐரோப்பிய வாசகருக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கி எழுதப்பட்டவை அவை. நமது பிள்ளைக்குத் தெரிந்தது வேறு. முன்னர் சொன்ன ஒபோவை எடுத்துக்கொள்வோம். ஒபோவின் வாயில் பொருத்துவது, ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரட்டை நாணல், பசூனுக்கும் அப்படியே. கிளாரினெட்டுக்கு ஒற்றை நாணல். இதைப் பேத்திக்கு விளக்க நான் பட்ட சிரமம் ஒன்றுமில்லை. மாமாங்கேஸ்வரர் கோவில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் சீவாளியை ஈரமாக்கிப் பொருத்துவதை அவள் பக்கத்தில் நின்று பார்த்தவள். “ஒபோவுக்கும் அதுபோல ஒரு சீவாளிதான்” என்றேன். உடனே அந்த ஒலியில் இருக்கும் இழுப்பும், மூக்கொலி போன்ற கூர்மையும் அவளுக்குப் பிடிபட்டன. அதன் பிறகு இசைக்குழுவின் நடுவிலிருந்தும் ஒபோவைப் பிரித்தெடுத்துச் சொல்கிறாள். எந்த ஆங்கில விளக்கத்திலும் சீவாளி வராது. இசைக்குழுவை நெறிப்படுத்துபவரின் பணியை விளக்க வேண்டுமென்றால், வடமோடிக் கூத்தில் மத்தளத்தோடு களரியில் நின்று, ஆட்டக்காரரின் வரவையும் பாட்டின் வேகத்தையும் தன் அடியால் ஆளும் அண்ணாவியாரிடமிருந்து தொடங்குவது எத்தனை எளிது! இரண்டு பணிகளும் ஒன்றல்ல. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகும் வழி அது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வளர்ந்த ஒருவர்தான் அந்த வழியை எழுத முடியும்.

கலைச்சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிம்பொனி, சொனாட்டா, கொன்செர்ட்டோ போன்ற பெயர்களுக்கெல்லாம் புதுச்சொல் புனைந்து மாணவரை மேலும் குழப்ப வேண்டியதில்லை. வயலினை வயலின் என்றே சொல்லி வருகிறோம். பெயர் பெயராக இருக்கட்டும், விளக்கம் தமிழாக இருக்கட்டும்.

இசையையும் அறிவியலையும் தமிழில் ஒன்றாக வைத்துப் பேசுவதற்கு நமது மண்ணில் முன்னோடி இல்லாமலும் இல்லை. 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் கற்றவர். 1947இல் வெளியான தமது யாழ் நூலில் பண்டைய யாழ்களின் அமைப்பையும், சுரங்களுக்கு இடையிலான விகிதங்களையும் கணக்கிட்டு எழுதியவர். குரலுக்கும் இளிக்கும், அதாவது சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும், உள்ள விகிதம் இரண்டுக்கு மூன்று. இன்றைய பியானோவில் அந்த விகிதம் மிகச் சரியாக இராது. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாக்கி ஒவ்வொரு பங்குக்கும் 100 சென்ட் என்று வகுத்தால், பஞ்சமம் 700 சென்டில் விழும். இயற்கைப் பஞ்சமமோ ஏறக்குறைய 702 சென்ட். இந்த இரண்டு சென்ட் விட்டுக்கொடுப்பினால்தான், பியானோவில் எந்தக் கட்டையை ஆதாரமாகக் கொண்டாலும் மீண்டும் சுருதி சேர்க்காமலே வாசிக்க முடிகிறது. கணித ஆசிரியரும் சங்கீத ஆசிரியரும் சேர்ந்து இதை ஒரு செயலியின் உதவியோடு வகுப்பில் கேட்கச் செய்யலாம். தம்புராவின் பஞ்சமத்தையும் பியானோவின் பஞ்சமத்தையும் ஒரே ஆதார சுருதிக்குச் சேர்த்துக் கேட்டால், நல்ல காதுள்ள பிள்ளைக்கு ஒரு மெல்லிய அசைவு தெரியும். யாழ் நூலைத் தந்தவர் பிறந்த மண்ணின் பிள்ளைகளுக்கு இது எட்டாத பாடமா?

நமது கூத்தும் பறைமேளமுமே தேய்ந்துவரும் காலத்தில் ஐரோப்பிய இசைக்கு இவ்வளவு பரிந்து பேசலாமா என்று என்னிடம் நேரிலேயே கேட்டவர்கள் உண்டு. அவர்களுடைய கவலையை நான் மதிக்கிறேன்; அது என் கவலையும்தான். ஆனால் என் கையில் இருக்கும் வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய ஆசிரியரிடம் அதைக் கற்று நமது இசைக்கு வசப்படுத்தினார். அவர்கள் கையிலேந்தித் தோளில் தாங்கி வாசிக்கும் வாத்தியத்தை, நாம் சம்மணமிட்டு, அதன் சுருள்முனையை வலக்காலில் ஊன்றி, தந்திகளை ஸ, ப, ஸ, ப என்று சேர்த்து வாசிக்கிறோம். முத்துசுவாமி தீட்சிதரோ ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்து, நோட்டுசுவரங்கள் என்ற ஏறக்குறைய 40 உருப்படிகளைத் தந்தார். அவற்றுள் ‘சந்ததம் பாஹிமாம்’ பிரித்தானிய அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்தது. மட்டக்களப்பின் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் கப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலின் ஒலித்ததைக் கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. காது திறந்தவர்கள் கையில்தான் நமது இசை வளர்ந்தது. ஒபோவைக் கவனித்துக் கேட்கப் பழகிய என் பேத்தி, இப்போது திருவிழாவில் நாதஸ்வரத்தையும் முன்னைவிடக் கவனமாகக் கேட்கிறாள் என்பதை நான் கண்ணால் காண்கிறேன்.

எனவே, கல்லடியில் இயங்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தையும், இரு மாவட்டங்களின் வலயக் கல்விப் பணிமனைகளையும் நான் பணிவோடு கேட்டுக்கொள்வது இதுதான். மேலைத்தேய சங்கீத ஆசிரியர்களும் கர்நாடக சங்கீத ஆசிரியர்களும் ஒன்றாக அமர்ந்து, சிறியதும் பெரியதுமாக ஒரு 50 வாத்தியப் படைப்புகளைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கத்தில் தமிழில் கேட்டல் குறிப்பு எழுத வேண்டும். எத்தனையாவது நிமிடத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று குறிப்பதற்கு ஒரு குறிப்பிட்ட பதிவைத் தெரிந்துகொள்வது அவசியம். படைப்பின் பட்டியல் எண்ணையும் தவறாமல் கொடுத்தால் மாணவர் எந்தச் செயலியிலும் அதைத் தேடி எடுத்துவிடலாம். அச்சிடுவதற்குப் பணமில்லை என்றால் கைத்தொலைபேசியில் வாசிக்கத்தக்க கோப்பாகவே பாடசாலைகளுக்கு அனுப்பிவிடலாம். குறிப்பை ஒருவர் வாசித்து ஒலிப்பதிவாகவும் தந்தால் பார்வையற்ற மாணவருக்கும் அது பயன்படும்.

தொடக்கத்துக்கு ஏற்றதாக நான் ஒரு படைப்பைச் சொல்வேன். ரஷ்ய இசையமைப்பாளர் செர்கே புரொக்கோபியெவ் சிறுவர்களுக்கென்று 1936இல் எழுதிய ‘பீட்டரும் ஓநாயும்’ என்ற இசைக்கதை அது. பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஒபோ, பூனைக்குக் கிளாரினெட், பாட்டனாருக்குப் பசூன், ஓநாய்க்கு மூன்று பிரெஞ்சு ஹோர்ன்கள், சிறுவன் பீட்டருக்குத் தந்தி வாத்தியங்கள் என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு ஒலியைக் கொடுத்து, நடுநடுவே ஒருவர் கதை சொல்ல, இசைக்குழு அதை நடத்திக் காட்டும். கதை சொல்லும் குரல் எந்த மொழியிலும் இருக்கலாம். நமது அண்ணாவியார் ஒருவர், கூத்தின் வசன நடையில், மட்டக்களப்புத் தமிழில் இதைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! வாத்து நடந்து வரும்போது ஒபோ எது என்று எந்தப் பிள்ளைக்கும் அதன் பின்னர் மறக்காது. புரொக்கோபியெவ் 1953இல் காலமானார். நமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோனின் ஆயுட்காலத்துக்கும் அதன் பின் 70 ஆண்டுகளுக்கும் பதிப்புரிமை அளிக்கிறது. அந்தக் காலம் 2023உடன் முடிந்துவிட்டது. ஏற்கெனவே உள்ள ஒலிப்பதிவைப் பயன்படுத்துவதானால், அதை வாசித்தவர்களினதும் வெளியிட்டவர்களினதும் அனுமதியைத் தனியே பெற வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பொது நூலகங்களை நடத்தும் மாநகர, நகர, பிரதேச சபைகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வாசிப்பறையின் ஒரு மூலையில் ஒரு மேசை, ஒரு டேப்லெட் கணினி, இரண்டு நல்ல ஹெட்போன், ஒரு சந்தா இருந்தால் கேட்டற் பகுதி தயாராகிவிடும். வீட்டிலே டேட்டாவுக்குப் பணம் கட்ட இயலாத பிள்ளை அங்கே வந்து கேட்கலாம். செலவைப் பற்றிப் பெற்றோர் அறிந்துகொள்ளும் பொருட்டுக் கணக்கையும் சொல்கிறேன்: விநாடிக்கு 256 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் ஏறக்குறைய 115 மெகாபைட் ஆகும், 64 கிலோபிட் தரத்தில் 29 மெகாபைட் அளவில் அடங்கிவிடும். குறுவட்டுத் தரத்தில் சுருக்காமல் கேட்டால் அது 600 மெகாபைட்டையும் தாண்டும். மாணவருக்கு முதலில் சொன்ன தரம் தாராளமாகப் போதும். வைஃபை உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு பின்னர் கேட்பது சிக்கனமானது.

ஹெட்போன் வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. டபிள் பேஸ் வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த சுரம் ஏறக்குறைய 41 ஹேர்ட்ஸ், செல்லோவினது 65 ஹேர்ட்ஸ். கைத்தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியால் அந்த அதிர்வுகளை எழுப்ப முடியாது. இசைக்குழுவின் அடித்தளம் முழுவதும் காணாமற் போய்விடும். கல்லடி வாவியில் நிலாக் காலத்தில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் இறக்கி மறுமுனையைக் காதோடு அணைத்து மீன்பாடும் ஒலியைக் கேட்ட நமது முன்னோருக்கு, மெல்லிய ஒலியைக் கேட்பதற்குக் காதுக்கும் ஒலிக்கும் நடுவே ஏதேனும் ஒன்று வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அதிக சத்தத்தில் நீண்ட நேரம் கேட்பது செவிப்புலனைக் கெடுக்கும் என்பதைப் பெற்றோர் கவனத்தில் கொள்ள வேண்டும்.

செயலி ஆசிரியரின் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்று நான் நம்பவில்லை. வில்லை எப்படிப் பிடிப்பது, விரல் எங்கே தவறுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து திருத்த ஆள் வேண்டும். கேட்டலை மட்டுமே அது தர வல்லது. அந்தக் கேட்டல்தான் இத்தனை ஆண்டுகள் நம் மாணவருக்குக் கிடைக்காதிருந்தது.

தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு படைப்புக்கு ஒரு சிறு பத்தி ஒதுக்க இயலுமா என்பதையும் தாங்கள் பரிசீலிக்க வேண்டுகிறேன். நான் இதுவரை 12 படைப்புகளுக்குக் குறிப்பு எழுதி முடித்திருக்கிறேன். பாஹின் சக்கோனும், பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியும், விவால்டி 1725இல் வெளியிட்ட நான்கு பருவங்களில் இரண்டும் அவற்றுள் அடங்கும். மேலைத்தேய சங்கீதத்தை முறையாகக் கற்றவள் அல்லாததால், அத்துறை ஆசிரியர் ஒருவர் அவற்றைப் பார்த்துத் திருத்தித் தருவது அவசியம். அந்தக் கொப்பியைப் பிரதி எடுத்து இக்கடிதத்தோடு தங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பாடசாலைகளோ நூலகங்களோ கேட்டால் அவற்றுக்கும் எவ்விதக் கட்டணமுமின்றித் தருவேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை சங்கீத ஆசிரியை,
ஆரையம்பதி.